கொல்லாமரத்தில் காய்த்த கோப்பை

பெர்பெத்துவின் வீட்டுக் கொல்லாமரத்தில் கோப்பை காய்த்த வருஷம் மற்றபடி சாதாரண வருஷம்தான். கடல் தருகிற நாளில் தந்தது, தராத நாளில் தரவில்லை, கோயில் மணிக்கூண்டுக் கடிகாரம் தனக்குத் தோன்றிய நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது, எங்கள் மிக்கேல்துறையின் மிக்கேல் கிளப் பயிற்சி ஆட்டத்துக்குப் போகிற ஊரிலெல்லாம் தோற்றுவிட்டு வந்துகொண்டிருந்தது. தையில் மரம் பூத்தது. மாசி பிறக்கும்போது மற்றக் கொப்புகளிலெல்லாம் மூக்கு மூக்காக முந்திரிக்கொட்டை தெரிய, மேற்கே மதில் பக்கம் போகிற கொப்பில் மட்டும் பச்சையாக ஒரு குமிழ் இறங்கி, குமிழுக்கு இடுப்பு ஒடுங்கி, இரண்டு பக்கமும் காது முளைத்து, காம்பு சேருகிற இடம் பீடம்போலத் தட்டையாகி, ஒரு கால்பந்துக் கோப்பை தலைகீழாகத் தொங்கியது. அதன் வாய்ப்பக்கத்தில், எல்லாக் கொல்லாம்பழத்துக்கும் உள்ளதுபோல, ஒரு கொட்டையும் இருந்தது.

முதலில் பார்த்தவள் பிரிஜிட், பெர்பெத்துவின் தங்கச்சி, மதிலுக்கு அந்தப்பக்கத்து வீட்டுக்காரி. துணி காயப்போட வந்தவள் எட்டிப் பார்த்து, "அக்கா, ஒனக்க மரத்துல ஒரு கப்பு காய்ச்சிருக்கு" என்றாள், ஆடு அவிழ்ந்துவிட்டது என்று சொல்லும் குரலில். பெர்பெத்து மீன் சருவத்தை இறக்கிவைத்துவிட்டு வந்து அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "பிஞ்சுல்லா. கை வச்சிராத, உதிந்திரும்" என்றாள்.

பெர்பெத்து ஆச்சரியப்படாததில் எங்களுக்கு ஆச்சரியமில்லை. அவள் அதைப் பல வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள். விடியுமுன் துறையில் மீன் ஏலம் பிடித்து, ஷேர் ஆட்டோவில் சந்தைக்குப் போய் விற்றுத் தீர்த்து, மதியம் வந்து ஒரு வாய் உண்டுவிட்டு, வெயில் தாழும்போது மைதானத்தின் கோட்டோரம் வந்து நின்றுவிடுவாள். சந்தை இரைச்சலுக்கு மேலே ஏறி விளைந்த குரல், அந்தக் குரலுக்குப் பயந்து கோல் காக்கிற எதிரணிக் கோலி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்ததும் உண்டு. அவள் புருஷன் ரூஃபஸ் ஆழ்கடலுக்குப் போகிறவர், கரையேறினால் முதலில் கேட்பது வீட்டு நலமல்ல, "இந்த வாட்டியும் தோத்தாச்சா?" என்பதுதான். தோற்றுத்தான் இருக்கும். கடற்கரை லீக் தொடங்கிய காலம்தொட்டு மிக்கேல் கிளப் கோப்பையைத் தொட்டதில்லை. ஒரே ஒரு வருஷம் கடைசிக்கு முந்தின இடம் வந்தது, அதுவும் கடைசி இடத்துக்காரர்களின் வேன் வழியில் பழுதாகி நின்றதால் வந்தது.

ஆனாலும் ஒவ்வொரு தையிலும் பெர்பெத்து சொல்வாள்: "இந்த வருஷம் கப்பு நமக்குத்தான், குறிச்சி வச்சிக்கிடுங்க." காரணமும் கையில் வைத்திருப்பாள். ஒரு வருஷம் புதிதாக ஒரு ஆட்டக்காரன் வந்திருக்கிறான் என்பாள், மறுவருஷம் அவன் தொலைந்தான் என்பாள், அதற்கு மறுவருஷம் சட்டையின் நிறம் மாறியிருக்கிறது என்பாள், ஒன்றுமே மாறாத வருஷத்தில், கெட்ட காலமெல்லாம் போன வருஷத்தோடு தீர்ந்துபோனது, இனி மிச்சம் இருப்பது நல்ல காலம் மட்டும்தானே என்பாள். ஆசைக்கு அளவில்லை என்பார்கள், அவளுடைய ஆசைக்கு வெட்கமும் இல்லை. நாங்கள் சிரிப்போம். சிரித்துவிட்டு, அவள் சொன்னதை மனதுக்குள் இன்னொருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வோம்.

கோப்பை பிஞ்சு விட்ட செய்தி பரவியதும் ஊர் அதைத் தன் வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. சிலர் மீன் கழிவு போடு என்றார்கள், சிலர் மீன் கழிவு போட்டால் கோப்பை நாறும், சாம்பல் போடு என்றார்கள். காக்கை கொத்தாமலிருக்கக் கொசுவலை கட்டினார்கள். வேளாண்மை ஆபீசர் ஜீப்பில் வந்து, இலையைப் புரட்டி, பிஞ்சை விரலால் சுண்டி, அது ணங்கென்று ஒலித்ததையும் கேட்டுவிட்டு, தேயிலைக்கொசு தாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிப் போனார். பங்குச் சாமியார் வென்சஸ்லாஸ் நிதானமான மனிதர், மேட்டுப்புறத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கோப்பையை மந்திரிக்க முடியாது, மரத்தை மந்திரிக்கத் தடையில்லை என்று சொல்லி அடிமரத்தில் தீர்த்தம் தெளித்தார், தெளிக்கும்போது கை கொஞ்சம் ஓங்கிப்போய் நாலு துளி மேலேயும் பட்டது. சுகமில்லாதவரைப் பார்க்க வருகிறவர்களைப்போலச் சொந்தக்காரர்கள் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்து, போன வாரத்துக்கு இப்போது பரவாயில்லை, காது நன்றாகத் தேறியிருக்கிறது என்று பேசிவிட்டுப் போனார்கள்.

இந்தச் சந்தோஷத்தில்தான் பெர்பெத்துவுக்கு வாய் நிற்கவில்லை. தவக்காலத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனம் கலையுமுன், வாசகம் வாசிக்கிற மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாளும் தராசுமாய் நிற்கிற காவல்தூதர் மிக்கேல் சம்மனசைப் பார்த்துச் சத்தமாக நேர்ந்துகொண்டாள்.

"எனக்க மரத்துக் கப்பு பழுத்து, அது நம்ம ஊருக்குன்னு ஆகல்லன்னா, இனி இந்தப் பெர்பெத்து சாவது வரைக்கும் மைதானத்துல கால் வைக்க மாட்டா. சம்மனசே சாட்சி."

சாமியார் மைக்கை வாங்கி, "நேர்ச்சை விளையாட்டு இல்ல, பெர்பெத்தம்மா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "யோசிக்குறதுக்கு என்ன இருக்கு சாமி, காய்ச்சு தொங்குதுல்லா" என்றாள் அவள். அன்று நாங்கள் கைதட்டினோம். வீட்டுக்குப் போகிற வழியில்தான் ஒவ்வொருவருக்கும் உறைத்தது, கோட்டோரத்தில் அவள் இல்லாத மைதானத்தை நினைத்துப் பார்த்தால் உப்பில்லாத கஞ்சிபோல இருந்தது.

லீக் தொடங்கியது. கேப்டன் லேன்சன், படகு இஞ்சின் பழுது பார்க்கிறவன், சென்டர் ஃபார்வர்ட் ஆடுகிறவன், முதல் ஆட்டத்தன்றே சொல்லிவிட்டான்: "காய்ச்ச கப்புக்கு எதுக்கு மக்கா வேர்க்கணும்?" மைதானத்துக்குப் போகிற வழி பெர்பெத்துவின் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. வெளியூர் அணிக்காரர்கள் வருகிற வழியில் நின்று, மரத்தை அண்ணாந்து பார்த்து, கோப்பையை நகத்தால் சுண்டி, அந்த ணங் சத்தத்தைக் கேட்டு, முகம் செத்துப்போய் மைதானத்துக்கு வந்தார்கள். காய்த்ததை யார் மாற்ற முடியும் என்று தடுப்பாட்டக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், கோலிகள் பந்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிக்கேல் கிளப் ஜெயித்தது. ஜெயித்துப் பழக்கமில்லாததால் முதல் ஆட்டம் முடிந்ததும் எங்கள் பையன்கள் வழக்கம்போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள், பிறகு ஆள் விட்டுக் கூட்டிவந்து வெடி போட்டோம். அதற்குப் பிறகும் ஜெயித்தார்கள், பிறகும் ஜெயித்தார்கள், வெடிக்கடைக்காரன் எங்களை மச்சான் என்று கூப்பிடத் தொடங்கினான்.

ஊரே குதித்தபோது பெர்பெத்து மட்டும் முன்போலக் குதிக்கவில்லை. "ஜெயிக்கானுவ. ஆனா வெளையாடல்ல" என்று தங்கச்சியிடம் சொன்னாள். பிரிஜிட்டுக்கு அது புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை. ஜெயித்தால் போதாதா, இவளுக்கு வேறென்ன வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

சித்திரையில் கோப்பை தண்ணீர்க்குடம் அளவுக்கு வந்து, பச்சை வெளுத்து மஞ்சளாகி, மஞ்சளில் பொன் ஏறத் தொடங்கியது. மேனியில் எழுத்தும் எழும்பியது. தலைகீழ் எழுத்து, தலையைத் தொங்கப்போட்டுப் படிக்கவேண்டும். கழுத்து சுளுக்கிக்கொண்டு ஊரில் பாதிப்பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். கடற்கரை லீக் என்று இருந்தது, சாம்பியன் என்று இருந்தது, அதற்குக் கீழே ஊர்ப்பெயர் வரவேண்டிய இடம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. இன்னும் விளையவில்லை, விளைந்தால் பெயர் வரும் என்றாள் பெர்பெத்து.

அந்த வெறுமையைக் குறித்துவைத்துக்கொண்ட ஆள் ஸ்டெலஸ். பிரிஜிட்டின் புருஷன், அடுத்த துறையான கொச்சுத்துறைக்காரர், இங்கே பெண் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர், ஒருகாலத்தில் அந்த ஊர்ச் சவேரியார் கிளப்பின் கோலி. எங்கள் ஊர் மீனைத் தின்று, எங்கள் ஊர்க் கோயிலில் மண்டியிட்டு, எங்கள் மைதானத்தின் எதிர்க் கோட்டோரத்தில் நின்று சவேரியார் கிளப்புக்குக் கத்துகிற மனிதர். பெர்பெத்துவும் அவரும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று ஒருவரையொருவர் கேலி பேசுவதைக் கேட்பதற்கென்றே ஆட்டத்துக்கு வருகிறவர்கள் உண்டு. சவேரியார் கிளப்தான் வருஷா வருஷம் கோப்பை எடுக்கிற அணி. அவர்கள் இந்த முறையும் இறுதி ஆட்டத்துக்கு வந்து எங்களுக்கு எதிரே நின்றார்கள்.

கோப்பையின் பாரம் ஏற ஏற, மேற்குக் கொப்பு மெல்ல மெல்லச் சாய்ந்து மதிலைத் தாண்டிவிட்டது. ஒருநாள் காலையில் பெர்பெத்து எழுந்து பார்த்தால் கோப்பை பாதி அவள் பக்கமும் பாதி ஸ்டெலஸ் பக்கமுமாகத் தொங்குகிறது, அந்தப்பக்கம் தரையில் ஸ்டெலஸ் பழைய வலைத்துண்டு ஒன்றை விரித்துவைத்து, அதன் ஓரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"இது என்ன மாப்பிள்ள?"

"வல காயப்போடுதேன் மைனி."

"நீரு வலையத் தொட்டு எத்தன காலம் ஆச்சு? ஈரமே இல்லாத வலைய எதுக்குக் காயப்போடுதீரு?"

"காத்து படட்டுமேன்னுதான்."

பெர்பெத்து ஒரு கயிற்றை எடுத்துவந்து கொப்பைத் தன் பக்கம் இழுத்துக் கட்டினாள். ஸ்டெலஸ் சாமியாரைக் கூட்டிவந்தார். எங்கள் கரையில் இதற்கு ஒரு மாமூல் வழக்கம் உண்டு, தேங்காயானாலும் பலாச்சக்கையானாலும் மாங்காயானாலும் கொப்பு எங்கே சாய்ந்தாலும் சாயட்டும், காய் தானாக எந்த மண்ணில் விழுகிறதோ அந்த மண்காரனுக்கு. பறிக்கக்கூடாது, உலுக்கக்கூடாது, இழுத்துக் கட்டக்கூடாது, முட்டுக் கொடுக்கக்கூடாது. சாமியார் வந்த புதிதில் கன்னியர் மடத்துச் சக்கை பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டின் மேல் விழுந்து, அந்த வழக்கைத் தீர்ப்பதற்குள் அவருக்கு இந்த மாமூல் மனப்பாடமாகிவிட்டது. அதை அப்படியே ஒப்பித்தார். கயிறு அவிழ்ந்தது.

இப்போது எல்லோருக்கும் கதை விளங்கிவிட்டது. கோப்பை பெர்பெத்து பக்கம் விழுந்தால் மிக்கேல்துறைக்கு, ஸ்டெலஸ் பக்கம் விழுந்தால் கொச்சுத்துறைக்கு. அப்படி விழுந்துவிட்டால் நேர்ச்சைப்படி பெர்பெத்துவுக்கு மைதானம் இல்லை. சின்னக் காற்று அடித்தாலும் நாங்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டோம். பெர்பெத்து சந்தையில் மீனை விற்றுக்கொண்டிருக்கும்போதே மேற்கே பார்ப்பாள், காற்று எந்தப் பக்கம் என்று.

இறுதி ஆட்டத்தன்று காலையில் கோப்பை முழுப் பொன்னாக நின்றது. கொல்லாம்பழ வாசனை துறை வரைக்கும் அடித்தது. இன்று சாயந்தரத்துக்குள் விழும் என்று அனுபவப்பட்ட மூக்குகளெல்லாம் சொல்லின. அப்போதுதான் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது, யாரும் கூட்டம் போட்டு எடுத்த முடிவல்ல, தானாகத் திரண்ட முடிவு: மைதானத்துக்குப் போய் என்ன ஆகப்போகிறது, கோப்பையே இங்கேதானே விழப்போகிறது? மைதானத்து நாற்காலிகள் பெர்பெத்துவின் முற்றத்துக்கு வந்தன. கொச்சுத்துறையிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களும் மைதானத்தைத் தாண்டி நேரே வந்து ஸ்டெலஸின் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கி மதில்மேல் ஏறியது. கடலைக்காரன் இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் வண்டியை நிறுத்தினான். மதிலுக்கு இந்தப்பக்கம் ஓர் ஊர், அந்தப்பக்கம் ஓர் ஊர், எல்லாக் கண்ணும் ஒரு காம்பின் மேல்.

வெயில் தாழ்ந்தது. மைதானத்துப் பக்கமிருந்து நடுவரின் விசில் கேட்டது, யாருமே வராததால் வேளை ஆகிவிட்டது என்று ஊரை எழுப்ப ஊதிய விசில். பெர்பெத்து எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள்.

"அக்கா, எங்க போற?" என்றாள் பிரிஜிட்.

"ஆட்டம் தொடங்கப்போவுதுல்லா."

"கப்பு இங்க இருக்கு அக்கா. நீ போன நேரத்துல விழுந்துச்சின்னா?"

"விழுறது நான் பாத்தாலும் விழும், பாக்காட்டியும் விழும். அந்தப் பையனுவ அங்க ஒத்தைக்கு நிக்கானுவ." வாசலில் திரும்பி, குரல் இறங்கிச் சொன்னாள்: "ஒருவேள இதுதான் எனக்குக் கடைசி ஆட்டம்னா, அதப் பாக்காம இந்தக் கொட்டையப் பாத்துக்கிட்டா நிக்கச் சொல்லுத?"

நாங்கள் தடுத்தோம். அவள் போய்விட்டாள். சற்றுநேரத்தில் மதிலுக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஸ்டெலஸும் காணாமற்போயிருந்தார், கடலை வாங்கப் போனதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மைதானத்தில் நடந்தது எங்களுக்கு நடுவர் சொல்லித்தான் தெரியும். இருபுறமும் ஆளில்லாத மைதானம், ஒரு கோட்டோரத்தில் பெர்பெத்து, எதிர்க் கோட்டோரத்தில் ஸ்டெலஸ். கோப்பை இன்றைக்கு யார் மண்ணில் விழும் என்று இரண்டு அணிக்கும் நிச்சயமில்லை, அதனால் வேறு வழியில்லாமல் இரண்டு அணியும் விளையாடின. லேன்சன் அந்த வருஷத்தில் முதல்முறையாக வேர்த்தான். "லே லேன்சா, இஞ்சினுக்கு டீசல் ஊத்துனியா?" என்று பெர்பெத்து கேட்டது இரண்டு தென்னை தாண்டிக் கேட்டதாம். அவன் ஓடினான், விழுந்தான், எழுந்து திரும்பவும் ஓடினான். மிக்கேல் கிளப்புக்குப் பந்தைக் காலில் வைத்திருக்கத் தெரியும் என்று நடுவருக்கு அன்றுதான் தெரிந்ததாம். ஒரு கோல் வாங்கினார்கள், ஒரு கோல் திருப்பிக் கொடுத்தார்கள், முடிகிற நேரத்தில் லேன்சன் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு வெளியே போனது, அடுத்த மூச்சில் சவேரியார் கிளப் ஒன்று போட்டுவிட்டது. விசில். பெர்பெத்து கைதட்டிக்கொண்டே நின்றாளாம். இப்படி ஓர் ஆட்டத்தைத் தன் பையன்கள் ஆடி அவள் பார்த்ததேயில்லை, அந்தச் சந்தோஷத்தில் தோற்றுப்போனது அவளுக்கு எட்டுவதற்கே நேரம் பிடித்தது. எட்டியபின் மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்டெலஸ் கோட்டைக் கடந்து வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார், கேலி ஒன்றும் பேசவில்லை.

அவர்கள் இரண்டு பேரும், பின்னால் வேர்த்து நனைந்த இரண்டு அணியுமாக வந்து சேர்ந்தபோது கோப்பை விழுந்து முடிந்திருந்தது. காற்றே இல்லாத நேரத்தில் காம்பு கழன்று, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மதிலை உரசாமல், ஸ்டெலஸின் வலைக்குள் சொத்தென்று உட்கார்ந்தது. இரண்டு ஊரும் கண்ணால் பார்த்த விஷயம். கொச்சுத்துறைக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் நாற்காலிகளை மடக்கத் தொடங்கியிருந்தோம். கோப்பை போனதைவிட, இனி அவளிடம் என்ன சொல்வது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை.

சாமியார் மிகவும் சங்கடப்பட்டு, "பெர்பெத்தம்மா, நேர்ச்சை..." என்று தொடங்கினார்.

ஸ்டெலஸ் குறுக்கே விழுந்தார். "மதில்ல பட்டுத் தெறிச்சுதான் சாமி இங்க விழுந்திச்சு. கணக்குப்படி அது மைனி பக்கம்தான்."

"நீரு எப்பப் பாத்தீரு?" என்றாள் பெர்பெத்து. "எனக்க கூடல்லா மைதானத்துல நின்னீரு."

ஸ்டெலஸ் தலையைச் சொறிந்தார். "நீங்க வரல்லன்னா நான் அங்க நின்னு ஆருகிட்டப் பேசுறது மைனி? கம்பத்துக்கிட்டயா?" என்றார், கோபமாகத்தான் சொன்னார். பிரிஜிட் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பெர்பெத்து கோப்பையைப் புரட்டிப் பார்த்தாள். பெயர் வரவேண்டிய இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தாள், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு சேலையை உதறிக்கொண்டு, "சரி. விழுந்த மண்ணுக்குச் சொந்தம், கப்பு மாப்பிள்ளைக்கு. ஆனா மரத்துல மொதக் காய்ப்ப அக்கம்பக்கத்துக்குக் குடுக்காம எவனும் தின்னதில்ல. பிரிஜிட், கத்தியும் உப்பும் கொண்டா" என்றாள்.

மாமூல்தான், மறுக்க முடியாது. கத்தி முதல் இழுப்பில் ணங்கென்றது, அடுத்த இழுப்பில் வழிவிட்டது. உள்ளே வெள்ளை வெளேரென்று சதை. பெர்பெத்து ஒரு துண்டை உப்பில் தொட்டு வாயில் போட்டு, நிதானமாக மென்று, கண்ணை மூடி, தேன் குடித்தவள்போலத் தலையை ஆட்டினாள். அதைப் பார்த்தபிறகு யார் கை சும்மா இருக்கும்? கொச்சுத்துறைக்காரர்கள் மதிலேறி வந்து வாங்கினார்கள், நாங்கள் வாங்கினோம், வேர்வை காயாத இரண்டு அணியும் வாங்கியது, சாமியாருக்குப் பெரிய துண்டாகப் போனது, ஸ்டெலஸ் வீட்டுக்காரர் என்ற முறையில் இரண்டு துண்டு எடுத்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் கடித்தோம்.

அப்படி ஒரு துவர்ப்பை எங்கள் கரை கண்டதில்லை. நாக்கு தடித்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, உதடு சுருங்கிக் குவிந்தது, தொண்டை ஒரு வளையமாகி நின்றுவிட்டது. துப்பவும் வரவில்லை, விழுங்கவும் வரவில்லை. இரண்டு ஊர்ச் சனமும் கண்ணில் நீர் தள்ள, வாயைக் குவித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றோம். வருஷம் தவறாமல் தோல்வியை முகம் சுளிக்காமல் விழுங்கிப் பழகிய ஒரே வாய் அவளுடையது என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

பெர்பெத்து சாவகாசமாகக் கத்தியைத் துடைத்தாள்.

"பாத்தியளா, பழுக்கல்ல. இது வெம்பி விழுந்தது. வெளிய பொன்னு, உள்ள பிஞ்சு. வெம்பி விழுந்தத வச்சி எந்த ஊருலயாவது தீர்ப்பு சொல்லுவாங்களா? நான் நேந்தது பழுத்த கப்புக்கு. அது இன்னும் மரத்துலேருந்து வரல்ல, வரட்டும், வரும்போது பாத்துக்கிடலாம். அது வரைக்கும் எனக்க நேர்ச்ச அப்பிடியே நிக்குது, மைதானத்துக்குப் போறதுக்கு எனக்குத் தடை இல்ல."

பிறகு, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது சாமியார் கேட்பதுபோலவே, கையைக் கட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி மூன்று தரம் கேட்டாள்: இதற்கு மறுப்புள்ளவர்கள் யாராவது இருந்தால் இப்போதே சொல்லலாம். கொச்சுத்துறைத் தலைவர் ஏதோ சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார், திறக்கவில்லை. சாமியார் இரண்டு கையையும் உயர்த்தினார், அது மறுப்பா ஆசீர்வாதமா என்று இன்றைக்கும் தெரியாது. மூன்றாம் தரமும் யாரும் பேசவில்லை. மௌனம் சம்மதம் என்று அவளே சொல்லி முடித்தாள். ஸ்டெலஸ் வாயைக் குவித்தபடியே தோள் குலுங்கச் சிரித்தார், அவர் கண்ணில் வழிந்தது துவர்ப்பினால் மட்டுமல்ல என்று பிரிஜிட் சொல்வாள்.

பெர்பெத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு லேன்சனிடம் போனாள். அவன் மண்ணும் வேர்வையுமாக நின்றுகொண்டிருந்தான்.

"அந்தக் கடைசிப் பந்து, லே. ஒரு விரக்கடை கீழ போயிருந்தா உள்ள. அடுத்த வருஷத்துக்கு அது போதும். பயிற்சி என்னைக்கு, எத்தன மணிக்கு?"

லேன்சனால் பேச முடியவில்லை. கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான், பிறகு நாளைக்கு என்பதற்கு அடையாளமாகக் கிழக்கே கையைக் காட்டினான்.

"அஞ்சுக்கா? நான் நாலரைக்கே வந்திருதேன்" என்றாள் பெர்பெத்து.